கேஷும் காசும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் புழக்கமும்

1. எடுத்துக்கொண்ட சிக்கல்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று ஒரு பட்டியல் நம்மிடையே நெடுங்காலமாகச் சுற்றிவருகிறது. கட்டுமரம் கேட்டமரான் ஆயிற்று, மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி ஆயிற்று, சுருட்டு செரூட் ஆயிற்று. மூன்றும் சரி. அவற்றை அடுத்துத் தவறாமல் வரும் இணை காசு, கேஷ். ஆங்கில வகுப்பில் இந்த இணையைச் சொன்ன மாத்திரத்தில் மாணவர் முகம் மலர்கிறது. காசு என்றால் கேஷ், கேஷ் என்றால் காசு; இதில் கற்க என்ன இருக்கிறது என்று நோட்டை மூடிவிடுகிறார்.

அங்கேதான் இரண்டு பிழைகள் சேர்ந்தே நுழைகின்றன. ஒன்று வரலாற்றுப் பிழை. இன்று கடையிலும் வங்கியிலும் புழங்கும் கேஷ் தமிழ்க் காசிலிருந்து பிறந்த சொல் அன்று. தமிழிலிருந்து போன கேஷ் ஒன்று உண்மையிலேயே உண்டு; ஆனால் அது வேறு சொல். மற்றது புழக்கப் பிழை. காசு நிற்கும் இடமெல்லாம் கேஷ் நிற்காது. கேஷ் நிற்கும் இடம் பலவற்றில் காசுக்கு வேலையே இல்லை.

பிறமொழிச் சொல் ஒன்றைக் கற்கும்போது, நம் மொழியில் அதைப்போல் ஒலிக்கும் சொல்லை வாத்தியாராக வைத்துக்கொள்வது ஆபத்து. கேஷின் பொருளுக்குத் தமிழில் உள்ள வாசல் ‘ரொக்கம்’. அதன் வரலாற்றுக்கு வாசல் ‘கல்லா’. இதை நிறுவ அந்த ஒரு சொல்லின் வரலாறு, ஒலி, பொருள், இலக்கணம், தமிழாக்கம் ஆகியவற்றை இங்கே பார்க்கிறேன்.

2. சொல் வரலாறு

2.1 பெட்டி பணமான கதை

இலத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. ரோமர்கள் சுருள் ஏடுகளைப் போட்டுவைத்த உருளைப் பெட்டிக்கும் அதுவே பெயர். இச்சொல் இத்தாலியில் காஸ்ஸா என்றும் பிரெஞ்சில் கெஸ் என்றும் ஆகி, வணிகர் பணம் வைக்கும் பெட்டியைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலம் இதை எடுத்துக்கொண்டது. 1598இல் ஜான் ஃபுளோரியோ வெளியிட்ட இத்தாலி–ஆங்கில அகராதி, காஸ்ஸா என்ற சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்தில் வணிகரின் கேஷ் என்பதைப் பெட்டியோடும் கணக்கு மேசையோடும் சேர்த்து வைக்கிறது. அதாவது அந்த வரியில் கேஷ் என்பது பணம் இருக்கும் இடம். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1755இல், சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் பிரெஞ்சுப் பெட்டியை மூலமாகக் காட்டினாலும் பொருள் சொல்லும்போது பணம், அதிலும் கையில் ஆயத்தமாக உள்ள பணம் என்கிறார். இன்று பெட்டிப் பொருள் அறவே மறைந்துவிட்டது.

இந்த மாற்றம் தமிழருக்குப் புதிதே அன்று. மளிகைக் கடையில் முதலாளி ‘கல்லாவில்’ உட்காருகிறார். அங்கே கல்லா என்பது பெட்டி, அல்லது பெட்டி இருக்கும் மேசை. ‘படம் நல்லா கல்லா கட்டிருச்சு’ என்கிறபோது அதே கல்லா, வந்து விழுந்த பணம். நன்னூல் படித்தவர் இதை இடவாகுபெயர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: இடத்தின் பெயர் அங்கே இருக்கும் பொருளுக்கு ஆகிவருவது. ஃபுளோரியோவுக்கும் ஜான்சனுக்கும் இடைப்பட்ட காலத்தில் கேஷ் என்ற சொல்லுக்கு நடந்ததும் இடவாகுபெயர்தான். ஆங்கில ஆசிரியர்கள் இதற்கு மெட்டானமி என்று கிரேக்கப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவதைவிடக் கல்லாவைக் காட்டினால் பாடம் ஒரு நிமிடத்தில் முடியும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. உண்டியல். இது இந்தியில் ஹுண்டி எனப்படும் பணமாற்றுச் சீட்டு. வணிகர்கள் ஊர்விட்டு ஊர் பணம் செலுத்த எழுதிக்கொடுத்த தாள். இலங்கையிலும் மலேசியாவிலும் ‘உண்டியலில் காசு அனுப்பினேன்’ என்றால் வங்கி வழியாக அல்லாமல் தரகர் மூலம் அனுப்பினேன் என்று பொருள். தமிழ்நாட்டிலோ உண்டியல் என்றதும் கண்முன் வருவது கோயில் வாசலில் சிவப்புத் துணி கட்டிய பெட்டி, அல்லது பிள்ளைகள் சில்லறை சேர்க்கும் மண் கலயம். சீட்டின் பெயர்தான் பெட்டிக்கு ஏறியது என்று கொண்டால், அது தானியாகுபெயர். உள்ளிருக்கும் பொருளின் பெயர் அதைத் தாங்கும் இடத்துக்கு ஆவது. ஆங்கிலத்தில் பெட்டி பணமானது, தமிழில் பணச்சீட்டு பெட்டியானது.

காப்ஸாவின் மற்ற வாரிசுகளும் நம் வீட்டுக்குள் இருக்கின்றன. மாத்திரைக் கேப்ஸ்யூல் (சின்னப் பெட்டி), பழைய பாட்டுக் கேசட் (அதுவும் சின்னப் பெட்டி), ஊருக்குப் போகும்போது தூக்கும் சூட்கேஸின் பின்பாதி, லாரியின் சேசிஸ் எல்லாமே பங்காளிகள். பணப்பெட்டியை ஆங்கிலத்தில் கேஷ் பாக்ஸ் என்கிறார்கள். வேர்ப்பொருளில் பார்த்தால் இது பெட்டிப்பெட்டி. ‘கேட்டுக்கதவு’, ‘நடுசென்டர்’ என்று பேசும் நாம் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடாது.

2.2 காசின் கடல்வழி

இனித் தமிழ்ப் பக்கம். காசு பழைய சொல். சங்கப் பாடல்களில் அது பொன் அணியில் கோக்கும் காசாக வருகிறது. சோழர் கல்வெட்டுகளில் நாணயமாகவும் பொன்னின் நிறையாகவும் வருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நகைக் கணக்கு முழுவதும் கழஞ்சும் மஞ்சாடியும் காசுமாக நடக்கிறது. யாப்பிலக்கணமோ வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு வைத்து அதைப் புலவர் நாவிலும் நிறுத்திவிட்டது. வடமொழியில் நிறைப்பெயராக உள்ள கர்ஷ என்பதோடு இதை இணைத்த அறிஞரும் உண்டு. அந்த வழக்கு இங்கே நமக்குத் தேவையில்லை.

நாளடைவில் பொன்னாயிருந்த காசு செம்பாகி, மிகச் சிறிய நாணயத்தின் பெயராயிற்று. சென்னையில் கிழக்கிந்தியக் கும்பெனி வரவுசெலவு எழுதியது இந்த முறையில்தான்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3360 காசு. வராகனைப் பகோடா என்றும், பணத்தை ஃபனம் என்றும், காசைக் கேஷ் என்றும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். 1818இல் சென்னை மாகாணத்தின் நாணய அளவாக ரூபாய் வந்தபின் இந்த மூன்றும் கணக்கிலிருந்து விலகின.

அந்தக் கேஷைக் கையில் எடுத்துப் பார்க்க முடியும். 1803லும் 1808லும் கும்பெனி தன் செப்புக் காசுகளை இங்கிலாந்தில், பர்மிங்காமை ஒட்டிய சோஹோ அச்சுச்சாலையில் அடித்துச் சென்னைக்கு அனுப்பியது. ஒரு பக்கம் கும்பெனியின் சின்னம். மறுபக்கம் ரோமன் எண்ணில் பத்து அல்லது இருபது என்று போட்டு ஆங்கிலத்தில் ‘கேஷ்’; அதே பக்கத்தில் பாரசீக எழுத்தில் ‘காஸ்’. 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு விலகுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். சென்னைக் கடைத்தெருவைக் காணாத சென்னைக் காசு இன்று நாணயம் சேர்ப்போரிடம் எளிதாகக் கிடைக்கிறது.

திருவிதாங்கூரில் இச்சொல் இன்னும் நீண்டநாள் வாழ்ந்தது. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஒரு கேஷ், நான்கு கேஷ், எட்டுக் கேஷ் என்று ஆங்கில எழுத்திலேயே பொறித்த செப்பு நாணயங்கள் 1949 வரை புழங்கின. புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசு இதே குடும்பத்தின் கடைக்குட்டி.

வியப்பு அடுத்ததில் இருக்கிறது. நடுவில் சதுர ஓட்டை போட்டு, ஆயிரம் ஆயிரமாகக் கயிற்றில் கோத்த சீனச் செப்பு நாணயத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் கேஷ். சீனர் அதை எண்ணியது வென் என்ற அலகில். தமிழ்க் கரையில் கேட்ட சொல்லைக் கடலோடிகள் மலாக்காவுக்கும் சாவகத்துக்கும் கொண்டுபோய், அங்கே புழங்கிய சீனக் காசுக்கும் சூட்டிவிட்டார்கள். உலக நாணயவியலில் தமிழ்ச்சொல் ஒன்று சீனப் பேரரசின் நாணயத்துக்குப் பெயராக நிற்கிறது. பெருமைப்பட விரும்புவோர் இதற்குப் பெருமைப்படலாம். உண்மையான பெருமை கையில் இருக்கும்போது வங்கிக் கேஷுக்கு உரிமை கொண்டாடப் போவானேன்?

2.3 போர்ச்சுகீசியப் பேனா

இரண்டு சொற்களும் ஒன்றுபோல் ஆனது எப்படி? பழியை ஒரு போர்ச்சுகீசிய எழுத்தர் மேல் போடலாம். காசு என்று கேட்ட போர்ச்சுகீசியர் அதைக் கைஷா என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் கைஷா என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அதற்குப் பொருள் பெட்டி. இலத்தீன் காப்ஸாவின் நேர் வாரிசு. புதிதாகக் கேட்ட அயற்சொல்லைத் தமக்குத் தெரிந்த சொல்லின் எழுத்துக்குள் அடைத்துவிட்டார்கள். எல்லா மொழியாரும் செய்வதுதான். 

ஆங்கிலேயர் இந்தியக் கைஷாவைக் கேட்டபோது அவர்களிடம் பணப்பெட்டிக் கேஷ் தயாராக இருந்தது. அதே எழுத்து, அதே ஒலி, போட்டு ஒட்டிவிட்டார்கள். காலமும் ஒத்துவந்தது. ஃபுளோரியோவின் அகராதி வந்த 1598லேயே ஒல்லாந்துப் பயணி லின்ஸ்கோட்டனின் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சுண்டாப் பகுதியில் கைஷா என்ற செப்பு நாணயம் புழங்குவதை அது சொல்கிறது. இரண்டு கேஷும் ஒரே ஆண்டில் லண்டன் அச்சகங்களைக் கடந்தன என்று சொல்லலாம்.

சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்த ஆர்தர் கோக் பர்னெலும் ஹென்றி யூலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் 1886இல் வந்தது. அதிலேயே நாணயக் கேஷும் பணக் கேஷும் வேறு என்பது தெளிவாகிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் இவற்றைத் தனித்தனிச் சொற்களாக எண்ணிட்டே பதிகிறது. நம் பட்டியல்காரர்கள்தான் இன்னும் அந்த எண்ணைப் பார்க்கவில்லை.

3. ஒலி

இந்தச் சொல்லின் நடு உயிர் தமிழில் இல்லை. ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையில் வாயைச் சற்று அகலத் திறந்து குறுகச் சொல்ல வேண்டிய உயிர் அது. நாம் கேஷ் என்று நெடிலாக்கிக்கொள்கிறோம். அதிலும் கடைசி ஷகரம் நாவில் வராதவர்கள் கேஸ் என்கிறார்கள். அப்போது சமையல் கேஸ், கோர்ட்டு கேஸ், கடைக் கேஸ் மூன்றும் ஒன்றாகிவிடும். ‘கேஸ் வந்துச்சா?’ என்று கேட்டால், கேட்டவர் தொழிலைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பெட்டியைக் குறிக்கும் கேஸும் பணமாகிய கேஷும் ஒரே வேரில் வந்தவை என்பதால் இந்தக் குழப்பத்தில் ஒரு நியாயம்கூட இருக்கிறது.

இன்னொரு மயக்கம் படித்தவர்களுடையது. கணிப்பொறித் துறையில் தற்காலிகச் சேமிப்பு நினைவகத்தைக் குறிக்கும் சொல், மறைத்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அதை எழுத்துப்படி ‘கேச்சே’ என்று படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதன் ஒலி கேஷ்தான், எள்ளளவும் மாற்றமில்லை. ஆயுதக் குவியல் பிடிபட்ட செய்தியில் வருவதும் அந்தச் சொல்லே. முந்திரியைக் குறிக்கும் கேஷ்யூ பிரேசில் பழங்குடியினரின் துப்பி மொழியிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. கேஷ்மியர் கம்பளி காஷ்மீரத்தின் பெயர். இவற்றுக்கும் பணத்துக்கும் விலை ஒன்றுதான் உறவு.

மிகவும் ஏமாற்றுவது கேஷியர். வங்கியில் பணம் எண்ணுபவர் கேஷியர். இது பெட்டிக் குடும்பம். ஆனால் ஓர் அதிகாரி ‘கேஷியர்டு’ என்று படைத்துறைச் செய்தியில் வந்தால் அவரைப் பணம் எண்ண அனுப்பவில்லை. அவமதிப்போடு பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்குதல், செல்லாததாக்குதல் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து டச்சு வழியாக வந்த வேறொரு வினை அது.  பெயரில் அழுத்தம் விழுவது முதலசையோ இரண்டாமசையோ என்று மாணவர் தடுமாறுவதுண்டு. இரண்டாமசைதான், ‘கஷீர்’ என்பதுபோல. அழுத்தம் இரண்டிலும் பின்னசையில் விழுகிறது என்பதால், எழுத்தும் ஒலியும் இங்கே கைகொடுக்கா. சூழல் ஒன்றே காட்டும்.

4. பொருள்: எதிரில் நிற்பது எது?

அகராதியில் கேஷ் என்ற சொல்லுக்கு எதிரே நாணயமும் தாளுமாக உள்ள பணம் என்று போட்டிருக்கும். இது தொடக்கத்துக்கு உதவும், அவ்வளவே. ஒரு நிறுவனம் இன்னொன்றைப் பல கோடி டாலருக்கு ‘முழுக் கேஷ்’ உடன்பாட்டில் வாங்கியது என்று பத்திரிகையில் படிக்கிறோம். மூட்டை மூட்டையாக நோட்டு கைமாறியதா? ஒரு தாள்கூட மாறியிருக்காது. அப்படியானால் அங்கே கேஷ் என்பதற்கு என்ன பொருள்?

கேஷின் பொருள் அதன் எதிரில் நிற்கும் சொல்லால் தீர்மானமாகிறது என்பதே இக்கட்டுரையின் நடுக்கருத்து. நிறுவனம் வாங்கும் செய்தியில் எதிரில் நிற்பவை பங்குகள். விலையைத் தன் பங்குகளாகக் கொடுக்காமல் பணமாகக் கொடுத்தது, அவ்வளவே. கடைக்காரர் ‘கேஷா, கார்டா, ஜிபேயா?’ என்று கேட்கும்போது எதிரில் நிற்பவை மின்வழிகள். அங்கே கேஷ் என்றால் தொட்டு எண்ணக்கூடிய தாள். இதே கடையில் முப்பது வருடம் முன்பு ‘கேஷா, கணக்கா?’ என்று கேட்டிருப்பார்கள். அப்போது எதிரில் நின்றது கடன். காசோலை கொடுத்தாலும் அன்றைக்கு அது கேஷ் வியாபாரம்தான். உதவித்தொகை பற்றிய அரசு ஆவணத்தில் கேஷுக்கு எதிரில் நிற்பது அரிசி, வேட்டி, சேலை போன்ற பொருள்; வங்கிக் கணக்கில் போட்டாலும் அது கேஷ். வேளாண் நூலில் எதிரில் நிற்பது உணவுப்பயிர். கரும்பு போட்டவருக்கு ஆலை மாதக்கணக்கில் பாக்கி வைத்தாலும் அது கேஷ் பயிர்தான். விவசாயிக்கு இதில் உள்ள கசப்பை ஆங்கிலம் அறியாது.

கணக்கியல் இதை வரையறுத்தே வைத்திருக்கிறது. பன்னாட்டுக் கணக்கியல் தரம் 7இன்படி, கையிருப்பும் கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி வைப்பும் சேர்ந்தது கேஷ். பொதுவாக மூன்று மாதத்துக்குள் முதிரும் குறுகியகால முதலீடுகள் கேஷுக்கு நிகரானவை. ஆகவே ஒரு நிறுவனத்திடம் இத்தனை கோடி கேஷ் உள்ளது என்று படித்துவிட்டு அதன் அலமாரியை நினைக்கக்கூடாது. வணிகவியல் மாணவர் பலர் முதலாண்டில் சறுக்குவது இந்த இடத்தில்தான். அவர்கள் மனத்தில் இருப்பது கடைக் கேஷ், தேர்வுத்தாள் கேட்பது கணக்குக் கேஷ்.

‘கேஷ்லெஸ்’ என்ற சொல்லும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2016 நவம்பர் 8இல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபின் இச்சொல் தெருவுக்கு வந்தது. அங்கே அதற்குப் பொருள் நோட்டின்றிச் செலுத்துதல். மருத்துவமனையில் காப்பீட்டு மேசைக்கு முன்னால் ‘கேஷ்லெஸ் உண்டா?’ என்று கேட்பவர் கேட்பது வேறு. கார்டில்கூடத் தான் எதுவும் கட்டாமல், காப்பீட்டு நிறுவனமே நேரடியாக மருத்துவமனைக்குக் கொடுத்துவிடுமா என்று கேட்கிறார். ஒரே சொல், இரண்டு எதிரிகள், இரண்டு பொருள்கள். வீடு விற்கும் பேச்சில் ‘கொஞ்சம் கேஷா வேணும்’ என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது எதிரில் நிற்பது என்ன என்பதைப் பத்திரப்பதிவு அலுவலகப் பக்கம் போனவர்கள் அறிவார்கள். வருமானவரிச் சட்டத்தில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைத் தடுக்கும் பிரிவை 2017இல் சேர்க்க வேண்டிவந்தது அந்தக் குரல் தாழ்வினால்தான்.

5. இலக்கணம்

பணக் கேஷ் எண்ண முடியாப் பெயர். அதன்முன் ஒருமைச் சுட்டு வராது, பின் பன்மை விகுதி வராது. ‘மெனி கேஷஸ்’ என்று எழுதிய விடைத்தாளைத் திருத்தியிருக்கிறேன். அந்த மாணவர் மனத்தில் தமிழ்க் காசு இருந்தது. ஒரு காசு, பத்துக் காசு, நிறையக் காசுகள் என்று நம்மால் எண்ண முடிகிறதே. ஒலி ஒற்றுமையை நம்பியதன் கூலி அரை மதிப்பெண். ஆனால் பழைய நாணயக் கேஷை எண்ணலாம். டென் கேஷ் என்று சொல்லலாம், அங்கும் பன்மை விகுதி வேண்டாம். இரண்டும் வேறு சொற்கள் என்பதற்கு இலக்கணமே சாட்சி சொல்கிறது.

பணமாகச் செலுத்துவதைச் சொல்ல ‘இன் கேஷ்’ என்பதே சரியான தொடர். முன்னிடை இல்லாமல் ‘பே கேஷ்’ என்றும் வரும். நம்மவர்கள் ‘பை கேஷ்’ என்கிறோம். ‘பை செக்’, ‘பை கார்டு’ என்பவற்றின் சாயல் அது. நம் நாட்டுக் கணக்குப் பேரேட்டின் வலப்பக்கப் பதிவுகள் ‘பை’ என்றே தொடங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

வினையாகும்போது இது காசோலையை மாற்றிப் பணம் பெறுவதைக் குறிக்கும். இங்கே தமிழ் ஓர் அழகு செய்திருக்கிறது: செக் என்பதற்குக் காசோலை என்று பெயர் வைத்ததால் அதை மாற்றுவது காசாக்குதல் ஆகிவிட்டது. வினையோடு சேரும் சிறுசொற்கள் பொருளைத் திருப்பிவிடும். ‘இன் ஆன்’ சேர்ந்தால் வந்த வாய்ப்பைத் தனக்கு ஆதாயமாக்கிக்கொள்ளுதல்; பெரும்பாலும் சற்று இகழ்ச்சியோடு வரும், பாராட்டுரையில் போட்டுவிடக் கூடாது. ‘அவுட்’ சேர்ந்தால் முதலீட்டை விற்றுக் கழன்றுகொள்ளுதல். பிரிட்டனில் ‘அப்’ சேர்த்தால் கடை சாத்தும் நேரத்தில் அன்றைய கல்லாவை எண்ணிச் சரிபார்த்தல். அமெரிக்கர் இதைச் சொல்வதில்லை. சூதாட்டச் சில்லுகளைக் காசாக்கிக்கொண்டு மேசையை விட்டு எழுவதைச் சொல்லும் தொடர், இறந்துபோதலுக்குக் கொச்சையான பெயர். துக்க வீட்டுக் கடிதத்தில் வேண்டாம்.

‘என்கேஷ்’ என்பதைத் தனியே சொல்ல வேண்டும். இது அமெரிக்கருக்கு விநோதமாகப் படும் சொல். இந்திய அலுவலகத்தில் அன்றாடச் சொல். எடுக்காத விடுப்பைப் பணமாக மாற்றுவது லீவ் என்கேஷ்மென்ட். தமிழ்நாட்டு அரசு ஊழியர் இந்தச் சொல்லையும் விட்டுவிட்டு ‘ஈ.எல். சரண்டர்’ என்கிறார். பணம் வாங்கும் செயலுக்கு அங்கே சரணடைதல் என்று பெயர்.

6. தமிழில் மூன்று சொற்கள்

கேஷைத் தமிழில் பெயர்த்தவர்கள் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அவர்கள் செய்ததைப் பார்த்தால் நான்காம் பகுதியில் சொன்ன எதிர்நிலைகள் அவர்களுக்கு உள்ளுணர்வாகவே தெரிந்திருந்தன என்று தோன்றுகிறது.

கோப்பை, சான்றிதழ் என்று பொருளாகத் தராமல் பணமாகத் தருவது ரொக்கப் பரிசு. வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டியது ரொக்க இருப்பு விகிதம். உணவுக்கு அன்றிச் சந்தைக்கு விளைவது பணப்பயிர். இங்கே ரொக்கப்பயிர் என்றால் சிரிப்பார்கள். நிறுவனத்துக்குள் வருவதும் போவதும் பணப்பாய்வு. கேஷியருக்கோ காசாளர். ரொக்காளர் என்று யாரும் வைக்கவில்லை, பணவர் என்றும் வைக்கவில்லை. காசு இங்கே தன் பழைய செல்வாக்கால் இடம் பிடித்துக்கொண்டது.

பேச்சு வழக்கில் காசு என்பது பணம் முழுமைக்கும் பெயர். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ‘காசு இல்லை’ என்றால் சட்டைப்பையில் தாள் இல்லை என்று மட்டும் பொருள் ஆகாது. வங்கியிலும் இல்லை, வரும் வழியும் இல்லை. அதற்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் மனி. ‘அவருக்கு நிறையக் காசு’ என்பதைக் கேஷ் போட்டு மொழிபெயர்த்தால் அவர் வீட்டில் நோட்டுக்கட்டு பதுக்கியிருக்கிறார் என்ற தொனி வந்துவிடும். பணம் என்ற சொல்லும் ஒரு காலத்தில் ஒரு நாணயத்தின் பெயராயிருந்து பொதுப்பெயராக விரிந்ததே. துட்டுக்கும் அதே கதி. அது டச்சுக்காரர்களின் டய்ட் என்ற செப்புக்காசு. நாணயப் பெயர்கள் தமிழில் பொதுப்பணமாக விரிந்துகொண்டே போகின்றன.

விரியாமல் நின்றது ரொக்கம். பெட்டிக்கடைகளில் தொங்கிய ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ரொக்கத்தை எடுத்துவிட்டுக் காசு என்று போட்டால் பலகை செத்துப்போகும். கடன் என்பது எதிரில் நின்றால்தான் ரொக்கத்துக்கு உயிர், கேஷுக்கும் அப்படியே. எண்ணிக்கை ஏற்காதது, பன்மை இல்லாதது, ‘ரொக்கமாக’ என்று ஆக விகுதியோடு செலுத்தும் முறையைக் காட்டுவது என்று இலக்கணத்திலும் இரண்டும் ஒட்டிப்போகின்றன. ‘ரொக்கமாகக் கொடு’ என்பதில் உள்ள ‘ஆக’ செய்யும் வேலையையே ‘இன் கேஷ்’ என்பதில் உள்ள ‘இன்’ செய்கிறது. ரொக்கத்திலிருந்து தொடங்கும் மாணவருக்கு ‘கேஷஸ்’ என்று எழுதக் கை வராது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இளம் மாணவர் பலருக்கு ரொக்கம் என்ற சொல்லே இப்போது தெரியவில்லை; அவர்கள் தமிழிலேயே கேஷ் என்றுதான் பேசுகிறார்கள். தெரியாத தமிழ்ச்சொல்லைக் கொண்டு தெரிந்த ஆங்கிலச் சொல்லைக் கற்பிக்கும் நிலை வந்திருக்கிறது. இருந்தாலும் நான் ரொக்கத்தையே பரிந்துரைக்கிறேன். அவர்கள் பேச்சில் உள்ள கேஷ் கடைக் கேஷ் ஒன்றே. மற்றவற்றுக்குப் போக ஓர் எதிர்ச்சொல் வேண்டும், அதைக் கடன் என்ற இணையோடு ரொக்கம் தானே கொண்டுவருகிறது.

7. அகராதியிடம் போகுமுன்

ஆசிரியர்களிடம் ஒன்று. இச்சொல்லை நடத்தும் நாளில் பொருளை முதலில் எழுதிப் போடாதீர்கள். கேஷ் வரும் ஐந்தாறு வாக்கியங்களைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் இதற்கு மாற்றாக என்ன கொடுத்திருக்கலாம் என்று கேளுங்கள். கடன், காசோலை, பங்கு, அரிசி, கார்டு என்று விடைகள் வந்துகொண்டே இருக்கும். பொருள் அவற்றின் நடுவில் தானாகத் தெரியும்.

தமிழ்ப் பெருமைப் பட்டியல்களை வெளியிடுவோரிடம் இன்னொன்று. கேஷை நீக்க வேண்டாம். பக்கத்தில் ‘பழைய சென்னை நாணயம், சீன நாணயம்’ என்று ஒரு வரி சேருங்கள். ஆங்கில அகராதியைத் திறக்கும்போது தலைச்சொல்லின் தோளில் பொடியாக 1, 2 என்று எண் போட்டிருக்கும். நம் காசு இரண்டாவதில் இருக்கிறது.